பாரமும் வேகமும்

சேலத்து வெயிலை விட்டு விலகி, இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டை அடைந்து, அதற்கும் அப்பால் காப்பித் தோட்டங்களும், அவற்றுக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்களும், அம்மரங்களைத் தழுவி ஏறிய மிளகுக் கொடிகளும் சூழ்ந்த பாதையிலே சென்றால் நாகலூர் வரும். கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 300 மீட்டர் உயரத்தில் உள்ள சேலத்திலிருந்து, 1,500 மீட்டர் உயரமுள்ள இந்தச் சேர்வராயன் மலைக்கு உரமும் சிமெண்டும் அரிசியும் கொண்டுவரும் லாரிக்காரன், அடிவாரத்திலேயே தன் மனத்துக்குள் ஒரு கணக்கைப் போட்டு முடித்துவிட வேண்டியவனாக இருக்கிறான். மூட்டைகள் அனைத்தையும் ஒரே நடையில் ஏற்றிக்கொண்டு முதல் கியரிலேயே முனகி முனகி மலையேறுவதா, இரண்டு நடையாகப் பிரித்து ஒவ்வொரு நடையையும் சிரமமின்றி விரைவாக முடிப்பதா என்பதே அந்தக் கணக்கு. பாரம் குறைந்தால் வேகம் கூடும். ஆனால் திரும்பி வந்து மறுபடி ஏற்றுகிற நேரம் நஷ்டம். இந்த நஷ்டத்தைக் காட்டிலும் அந்த லாபம் பெரிதா என்பதொன்றே கேள்வி.

பார்முலா ஒன் என்னும் அதிவேக மோட்டார்ப் பந்தயத்தில், ஆண்டின் பட்டம் யாருக்கு என்று நிர்ணயமாகும் கடைசிப் போட்டிக்கு முந்திய இரவிலே, கெட்டிக்கார யந்திர நிபுணர்கள் கூடி உட்கார்ந்து ஒரு காலத்தில் போட்ட கணக்கும் இதுவே. அங்கே மூட்டைக்குப் பதிலாகப் பெட்ரோல். சேலத்துக் கிடங்குக்குப் பதிலாக, ஓடுபாதையின் ஓரத்திலே அமைந்த 'பிட்' என்னும் கொட்டகை. ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை சுமார் முக்கால் கிலோ. காரில் பத்துக் கிலோ எடை கூடினால் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வினாடி தாமதம் ஆகும் என்பது இக்காலத்துப் பந்தயக்காரர்களின் அனுபவக் கணக்கு. அறுபது சுற்றுப் பந்தயம் ஒன்றுக்கு 150 கிலோ எரிபொருள் வேண்டுமென்று வைத்துக்கொள்வோம். முழுவதையும் சுமந்து புறப்படுகிறவன் சராசரியாக 75 கிலோவைச் சுமந்தவனாகிறான். பாதியை மட்டும் சுமந்து புறப்பட்டு நடுவில் ஒரு முறை நின்று நிரப்பிக்கொள்கிறவனுக்கு அந்தச் சராசரி முப்பத்தேழரைக் கிலோதான். வித்தியாசத்தை வினாடியாக மாற்றினால் சுற்றுக்கு ஒரு வினாடிக்கு மேல். அறுபது சுற்றுக்கும் சேர்த்து ஒரு நிமிஷத்துக்கு மேல். வேகம் தணிந்து பிட்டுக்குள் நுழைந்து, நின்று, நிரப்பி, மறுபடி வேகம் பிடிக்க அரை நிமிஷம் ஆகுமென்றாலும், நின்றவனுக்கே அரை நிமிஷம் லாபம். நிற்காமல் ஓடுகிறவனை நின்று ஓடுகிறவன் வெல்லுகிற இந்த விநோதத்தைப் பந்தய உலகம் ஒருமுறை கண்டு, மறந்து, மறுபடி கண்டு, சட்டமிட்டுத் தடுத்து, பிறகு அனுமதித்து, மீண்டும் தடுத்த வரலாறு படிக்கப் படிக்கச் சுவையானது.

உலகச் சாம்பியன் பட்டம் என்ற ஏற்பாடு 1950-ஆம் ஆண்டில் தொடங்கியது. அன்று கொடிகட்டிப் பறந்த ஆல்ஃபா ரோமியோ கார், ஒன்றரை லிட்டர் யந்திரத்தினுள்ளே சூப்பர்சார்ஜர் மூலம் காற்றை அழுத்தித் திணித்துப் பெருஞ்சக்தி பெற்றது. அந்தச் சக்திக்கு விலையாக, மெதனால் கலந்த எரிபொருளை ஒரு காலன் குடித்துவிட்டு ஒன்றரை மைல் அளவே ஓடியது. அதனை எதிர்த்த ஃபெராரியின் நாலரை லிட்டர் யந்திரத்துக்குச் சூப்பர்சார்ஜரும் இல்லை, அத்தனை தாகமும் இல்லை. 1951 ஜூலையில் இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனில் கோன்சாலஸ் என்பவர் ஆல்ஃபாக்களைத் தோற்கடித்து ஃபெராரிக்கு உலகப் பட்டப் பந்தயங்களில் முதல் வெற்றியைத் தேடித் தந்தபோது, சிக்கனமும் ஒருவகை வேகமே என்பது எல்லோருக்கும் புலப்பட்டது. அவ்வாண்டு அக்டோபரில் பார்சலோனா நகரத்துப் பெட்ரால்பெஸ் வீதிகளில் நடந்த முடிவுப் பந்தயத்திலோ ஃபெராரிக்காரர்கள் வழக்கத்தைக் காட்டிலும் சிறிய சக்கரங்களைப் பூட்டி வந்தார்கள். டயர்களின் மேற்பரப்பு உரிந்து உரிந்து போய், அவர்கள் திரும்பத் திரும்ப நிற்க நேர்ந்தது. எரிபொருளைத் தாராளமாகச் சுமந்து வந்த ஆல்ஃபாவில் அர்ஜெண்டீனா தேசத்து ஹுவான் மானுவல் ஃபாஞ்சியோ தமது முதல் பட்டத்தைப் பெற்றார். கணக்கெல்லாம் சரியாக இருந்தும் டயர் என்கிற ஒரு சில்லறை விஷயத்தில் கோட்டை விடுவது அன்று தொடங்கிய பழக்கம்.

அந்த ஃபாஞ்சியோவே ஆறு ஆண்டு கழித்து, நிறுத்தம் என்ற உபாயத்தைக் காவியமாக்கினார். 1957 ஆகஸ்டு 4 அன்று ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பாதையில் நடந்த அந்தப் பந்தயத்தைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். காடும் மலையுமாக ஒரு சுற்றே இருபத்திரண்டு கிலோமீட்டருக்கு மேற்பட்ட நீளம். அத்தகைய இருபத்திரண்டு சுற்றுகள். ஃபெராரியின் இளைஞர்களான ஹாதார்னும் காலின்ஸும் தொட்டி நிறையப் பெட்ரோலோடு, நிற்காமல் ஓடி முடிப்பதென்று தீர்மானித்திருந்தார்கள். நாற்பத்தாறு வயதான ஃபாஞ்சியோ தமது மாஸராட்டியில் பாதித் தொட்டியோடு புறப்பட்டு, லேசான காரின் அநுகூலத்தால் அரை நிமிஷத்துக்குச் சற்றுக் குறைவாக முன்னிலை தேடிக்கொண்டு, பன்னிரண்டாம் சுற்றின் முடிவில் எரிபொருளுக்கும் புதிய டயர்களுக்குமாக நின்றார். கணக்கு அதுவரையில் பழுதற்றது. ஆனால் சக்கரத்தின் திருகுமரை ஒன்று காருக்கடியில் உருண்டு போய்விட, பணியாட்கள் பதறி, போதிய அளவு நேரமென்று நினைத்தது போதாமற்போய், அவர் மீண்டும் பாதையில் ஏறியபோது முன்னிருந்த இருவருக்கும் முக்கால் நிமிஷத்துக்கும் அதிகமாகப் பின்தங்கியிருந்தார்.

புது டயர்கள் பதப்படும் வரையில் அவர் நிதானமாக ஓட்டினார் என்றும், அதனைக் கண்டு ஏமாந்த ஃபெராரி கொட்டகையார் தம் சாரதிகளுக்கு 'அவசரமில்லை' என்ற ஜாடை காட்டினார்கள் என்றும் சொல்வார்கள். பிறகு நடந்தது வேறு. சுற்றுக்குச் சுற்று அப்பாதையின் சாதனை நேரத்தை உடைத்துக்கொண்டே வந்து, இருபதாம் சுற்றில் 9 நிமிஷம் 17.4 வினாடியை எட்டினார். பந்தயத்துக்கு முன் தகுதிச் சுற்றில், பாரமேதும் இல்லாத நிலையில், அவரே எடுத்த நேரத்தைக் காட்டிலும் இது எட்டு வினாடி குறைவு. இருபத்தோராம் சுற்றில் இருவரையும் கடந்து, 3.6 வினாடி வித்தியாசத்தில் வென்று, ஐந்தாவது பட்டத்தை அன்றைக்கே உறுதி செய்துகொண்டார். உலகப் பட்டப் பந்தயங்களில் அதுவே அவருடைய கடைசி வெற்றி. ரசிகர்கள் இதனைச் சாரதியின் வீரத்துக்கு எடுத்துக்காட்டாகவே போற்றுகிறார்கள். எனக்கோ, ஒரு நல்ல கணக்கைக் கெட்ட பணியாட்கள் கெடுக்க, சாரதி தம் உயிரைப் பணயம் வைத்துக் கடனைக் கட்டினார் என்றே தோன்றுகிறது.

ஐரோப்பாவில் இவ்வாறு நடந்துகொண்டிருந்த அதே தசாப்தத்தில்தான் சென்னைக்காரர்களுக்கும் பந்தயப் பித்துப் பிடித்தது. இரண்டாம் உலக யுத்தத்தின்போது பெட்ரோல் கிடைப்பது அரிதாகி, தமிழ்நாட்டின் பஸ்கள் பின்புறத்தில் கரி அடுப்பைச் சுமந்துகொண்டு கரிவாயுவில் ஓடியதைப் பெரியவர்கள் அறிவார்கள். அதே யுத்தத்தின் தேவைக்காகச் சென்னைக்கு வடக்கே, செங்குன்றத்துக்கு அப்பால் சோழவரத்தில் ஒரு விமான ஓடுதளம் போடப்பட்டது. பெட்ரோலைப் பறித்த யுத்தம், பெட்ரோலை வீண் செலவு செய்வதற்கென்றே ஓர் இடத்தை விட்டுச் சென்றது என்று வேடிக்கையாகச் சொல்லலாம். 1953-இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், அந்த ஓடுதளத்தைப் பந்தயப் பாதையாக்கி ஆண்டுதோறும் கூட்டம் கூட்டியது. ஃபியட், ஹெரால்டு, அம்பாசடர் முதலிய வீட்டுக் கார்களே கழற்றப்பட்டு, இழைக்கப்பட்டு, திருத்தப்பட்டு அங்கே பந்தயக் கார்களாக அவதாரம் எடுத்தன. பிற்காலத்தில் விஜய் மல்லையா ஓட்டிய என்சைன் என்னும் பார்முலா ஒன் கார்கூட அந்தச் சிமெண்டுத் தளத்தில் உறுமியதுண்டு. கோயம்புத்தூர்க் கரிவரதன், மாருதி காரின் 800 சி.சி. யந்திரத்தை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் ஒன்றைச் சமைத்து, 1988 முதல் 'பார்முலா மாருதி' என்ற வகையையே உண்டாக்கி, சாமானிய வசதியுள்ள இளைஞர்களுக்கும் பந்தயக் கதவைத் திறந்துவிட்டார். 1990-இல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரப் பாதை அமைந்ததும் சோழவரத்தின் யுகம் முடிந்தது.

நம் நாட்டுப் பந்தயங்களோ பெரும்பாலும் சில சுற்றுகளில் முடிந்துவிடுபவை. நடுவில் நின்று நிரப்பவேண்டிய அவசியம் அவற்றில் எழுவதில்லை. கடைசிச் சுற்றைத் தாண்டும் அளவுக்கு மேல் ஒரு குவளைகூடத் தொட்டியில் மிஞ்சாதபடி அளந்து ஊற்றுவதே அங்குள்ள சாமர்த்தியம். ஆகவே நிறுத்தக் கலையில் நம்மவர்கள் தேர்ச்சி பெற ஐரோப்பாவுக்கே போகவேண்டியிருந்தது.

அந்தக் கலை ஃபாஞ்சியோவுக்குப் பிறகு அங்கேயும் ஏறத்தாழ வழக்கொழிந்து போயிருந்தது. யந்திரங்கள் சிக்கனமடைந்தன, டயர்கள் உறுதிப்பட்டன, பந்தயங்கள் குறுகின. நிற்பது என்றால் ஏதோ கெட்டுவிட்டது என்று பொருளாயிற்று. இருபத்தைந்து ஆண்டு கழித்து அதனைத் தூசி தட்டி எடுத்தவர் ப்ராபம் குழுவின் வடிவமைப்பாளர் கார்டன் மர்ரே. தமிழர் பெருந்தொகையாக வாழும் தென்னாப்பிரிக்க டர்பன் நகரத்திலே பிறந்தவர் அவர். பி.எம்.டபிள்யூ டர்போ யந்திரத்தின் பசி அதிகம். பெரிய தொட்டியைச் சுமந்தால் காரே கனத்துப் போகும். ஆகவே பாதித் தொட்டி, மென்மையான டயர், நடுவில் ஒரு நிறுத்தம் என்று 1982-இல் அவர் திட்டமிட்டார். காற்றழுத்தத்தால் நொடிப்பொழுதில் எரிபொருளைப் பாய்ச்சும் கருவியும், புது டயர்கள் குளிர்ந்து வழுக்காதபடி அவற்றை முன்கூட்டியே சூடாக்கி வைக்கும் அடுப்புப் பெட்டியும் தயாராயின. இங்கிலாந்தின் பிராண்ட்ஸ் ஹாட்ச் பந்தயத்தில் ஏற்பாடுகள் அனைத்தும் அமர்க்களமாக இருக்க, நிற்க வேண்டிய கார்கள் நிற்கும் நேரம் வருமுன்பே பந்தயத்தை விட்டு விலக நேர்ந்தது. அடுத்த மாதம் ஆஸ்திரியாவில் ரிக்கார்டோ பத்ரேசே உண்மையிலேயே நின்று நிரப்பிக்கொண்டு புறப்பட்டார். சில சுற்றுகளுக்குள் யந்திரம் கைவிட்டது. யுக்தி சரி, யந்திரம் சரியில்லை என்பதாக அந்த ஆண்டு கழிந்தது.

மறு ஆண்டு எல்லோரும் அதனைப் பின்பற்றினார்கள். 1983 அக்டோபர் 15 அன்று தென்னாப்பிரிக்காவின் கியாலாமியில் முடிவுப் பந்தயம். ரெனோ குழுவின் அலான் ப்ரோஸ்டுக்கு 57 புள்ளி. ப்ராபமின் நெல்சன் பிக்கேவுக்கு 55. இத்தகைய நாளில் சாதாரண மனிதர்கள் பத்திரமாக ஓட்டி முடிக்கவே நினைப்பார்கள். ப்ராபம் கொட்டகையில் வேறு யோசனை. பிக்கேவின் தொட்டியில் மற்றவர்களைவிடக் குறைவாகவே பெட்ரோலை ஊற்றி, முதல் வளைவிலேயே அவரை முன்னுக்கு அனுப்பினார்கள். லேசான கார் கண்ணுக்கு எட்டாத தூரம் ஓடிப் போக, அதனைத் துரத்த வேண்டிய நிர்ப்பந்தம் ப்ரோஸ்டின் யந்திரத்தின் மீது விழுந்தது. முன்கூட்டியே நின்று நிரப்பிக்கொண்டும் பிக்கே முதலிடத்தை விடவில்லை. முப்பத்தைந்தாம் சுற்றில் ப்ரோஸ்டின் டர்போ கெட்டு அவர் இறங்கி நடந்தார். உடனே பிக்கே தமது டர்போ அழுத்தத்தைக் குறைத்து, வேகத்தைத் தணித்து, தம் குழுவின் பத்ரேசேயையும் பின்னர் ஆல்ஃபாவின் டி செசாரிஸையும் மரியாதையாக முன்னே போக விட்டு, மூன்றாவதாக வந்து, 59 புள்ளியோடு பட்டத்தைப் பெற்றார். பந்தயத்தை வெல்லாமலே பட்டத்தை வென்ற அந்த நிதானத்தை நான் நூர்பர்க்ரிங் வீரத்துக்கு ஒரு படி மேலாகவே மதிக்கிறேன். அதற்காக ஃபாஞ்சியோவின் பக்தர்கள் என்மீது கோபம் கொண்டாலும் சரியே.

1984-இல் பந்தய நடுவே நிரப்புவது தடுக்கப்பட்டது; ஒரு காருக்கு 220 லிட்டர்தான் என்ற வரம்பும் வந்தது. அதன் விளைவை மறு ஆண்டு இமோலாவில் எல்லோரும் பார்த்தார்கள். முன்னால் ஓடிய சென்னாவின் கார் கடைசிச் சுற்றுகளில் பெட்ரோல் தீர்ந்து நின்றது. அவருக்குப் பின் முதலிடத்துக்கு வந்த யோஹான்சனின் காரும் அவ்வாறே நின்றது. எல்லோரையும் தாண்டி முதலாவதாக வந்த ப்ரோஸ்டின் காரையோ, தராசில் நிறுத்தபோது குறைந்தபட்ச எடைக்கு இரண்டு கிலோ குறைவு என்று சொல்லித் தள்ளிவிட்டார்கள்! 1994-இல் நிரப்புவது மறுபடி வந்தது. அவ்வாண்டே ஹாக்கன்ஹைமில் யோஸ் வெர்ஸ்டாப்பனின் கார் நிரப்பும்போதே தீப்பிழம்பாயிற்று. அவரும் பணியாட்களும் உயிர் தப்பியது தெய்வாதீனம். வினாடிக்குப் பன்னிரண்டு லிட்டர் பாயும் குழாயைக் கையிற் பிடித்து நிற்கும் மனிதனின் துணிவைச் சாரதியின் துணிவுக்குச் சமமாக யாரும் பாடவில்லை.

இந்தக் காலத்தில்தான் கோயம்புத்தூர் நாராயண் கார்த்திகேயன், ராலிப் பந்தயங்களில் புகழ்பெற்ற ஜி. ஆர். கார்த்திகேயனின் மகன், 2005-இல் ஜோர்டன் குழுவில் சேர்ந்து பார்முலா ஒன் களத்தில் இறங்கிய முதல் இந்தியரானார். அவ்வாண்டு மட்டும் ஒரு விசித்திர விதி: பெட்ரோல் நிரப்பலாம், ஆனால் டயர் மாற்றலாகாது, ஒரே தொகுதி டயர்கள் தகுதிச் சுற்றுக்கும் பந்தயம் முழுவதற்கும் தாங்க வேண்டும். அந்த விதியே அவருக்குப் பெரும் வாய்ப்பையும் கொணர்ந்தது. ஜூன் 19 அன்று இண்டியானாபோலிஸில் மிஷலின் டயர்கள் வளைவின் அழுத்தத்தைத் தாங்கா என்று கண்டு, அவற்றைப் பூட்டிய பதினான்கு கார்களும் அணிவகுப்புச் சுற்றோடு ஒதுங்கிவிட, எஞ்சிய ஆறு கார்களில் நாலாவதாக வந்து ஐந்து புள்ளி பெற்றார் நாராயண்.

எரிபொருள் குழாய் ஒருவருடைய பட்டத்தையே பறித்த கதை 2008-இல் நடந்தது. சிங்கப்பூரின் இரவுப் பந்தயத்தில் ஃபெலிப்பே மாஸா முன்னணியில் இருந்தார். அப்போது ரெனோ குழுவில் ஓட்டிய பிக்கேவின் மகன், அதே குழுவின் அலோன்சோ முன்கூட்டியே நின்று நிரப்பிக்கொண்ட தருணம் பார்த்து, குழுவின் ஏவலால் வேண்டுமென்றே சுவரில் மோதிக்கொண்டார் என்பது மறு ஆண்டுதான் வெளிப்பட்டது. தந்தை கணக்கால் வென்ற களத்திலே மகனைக் கொண்டு இப்படியொரு கணக்குப் போட வைத்தார்களே! அந்த மோதலால் எல்லோரும் ஏககாலத்தில் பிட்டுக்குள் நுழைய, ஃபெராரியின் விளக்கு அவசரப்பட்டுப் பச்சை காட்ட, மாஸா எரிபொருள் குழாயைப் பிய்த்து இழுத்துக்கொண்டே கிளம்பிவிட்டார். பதின்மூன்றாவதாக முடித்தார். ஆண்டு முடிவில் ஹாமில்டனிடம் அவர் பட்டத்தை இழந்தது ஒரே ஒரு புள்ளியில்.

நிரப்பும் கருவிகளை உலகெங்கும் சுமந்து திரியும் செலவை முன்னிட்டு 2010-இல் மறுபடி தடை வந்தது. அந்தத் தடையின் முதல் பந்தயமான பஹ்ரைனில் சென்னைக் கருண் சந்தோக் தமது முதல் பார்முலா ஒன் பந்தயத்தை ஓட்டினார். அவருடைய பாட்டனார் இந்து சந்தோக் சென்னைக் கிளப்பைத் தோற்றுவித்தவர்களில் ஒருவர். தந்தை விக்கி சோழவரத்தில் ஓட்டியவர். பெட்ரோல் போய்விட்டதால் இனி நிறுத்தம் டயருக்கு மட்டுமே. ஆனால் அதன் குழப்பம் குறையவில்லை. அவ்வாண்டு நவம்பரில் அபுதாபியில் நடந்த முடிவுப் பந்தயத்துக்கு, அப்போது ஃபெராரியில் ஓட்டிய அலோன்சோ புள்ளிப் பட்டியலில் முதலிடத்தோடு வந்தார். வெப்பர்தான் தமக்கு எதிரி என்று ஃபெராரி கணித்து, வெப்பர் நின்றதைக் கண்டு தானும் காரை உள்ளே அழைத்தது. வெளியே வந்த அலோன்சோ, முன்பே டயர் மாற்றி முடித்திருந்த பெட்ரோவின் முதுகுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, கடைசிவரை மீளவில்லை. ஆண்டு முழுவதும் ஒருமுறைகூடப் புள்ளிப் பட்டியலின் தலைப்பில் இல்லாத வெட்டல் பந்தயத்தையும் வென்று பட்டத்தையும் வென்றார்.

அதே வெட்டல் 2013 அக்டோபர் 27 அன்று நம் நாட்டிலேயே, டில்லிக்கருகே புத்தா பாதையில், நாலாவது பட்டத்தை உறுதி செய்துகொண்டார். விரைவில் தேயும் மென்டயரோடு முதலிடத்திலிருந்து புறப்பட்ட அவரை இரண்டே சுற்றில் உள்ளே அழைத்து உறுதியான டயரைப் பூட்டினார்கள். பதினேழாம் இடத்துக்கு இறங்கினார். அறுபது சுற்றுப் பந்தயத்தில் இரண்டாம் சுற்றிலேயே நிற்பது பார்வைக்குப் பைத்தியம் போலிருக்கும். ஆனால் அவர்கள் பார்த்தது எதிராளியின் காரையன்று, டயரின் ஆயுளை; ஏறக்குறைய முப்பது வினாடி வித்தியாசத்தில் வென்றார்.

நிரப்பும் வழக்கம் நீண்ட பந்தயங்களில் இன்னும் வாழ்கிறது. நடிகர் அஜித் குமாரின் குழு 2025 ஜனவரியில் தன் வகுப்பில் மூன்றாமிடம் பெற்ற துபாய் 24 மணிப் பந்தயத்தில், ஒவ்வொரு குழுவும் தன் கொட்டகையில் நிரப்பிக்கொள்ள அனுமதி இல்லை; பொதுவான ஒரு பெட்ரோல் நிலையத்துக்கே எல்லாக் கார்களும் வந்தாக வேண்டும். கூட்டமாயிருந்தால் காத்திருக்க வேண்டியதுதான். விபத்தின் காரணமாகப் பாதை முழுவதும் அறுபது கிலோமீட்டர் வேகத்துக்கு அடக்கப்படும் நேரங்களில் அங்கே நெரிசல் பெருகும். ஆகையால் அந்தப் பந்தயத்தின் கணக்கர்கள் எடையையும் வினாடியையும் மட்டுமல்லாமல், பம்பின் முன்னே எத்தனை வண்டிகள் நிற்கின்றன என்பதையும் இரவெல்லாம் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.